ஏறி இறங்கும் சம்பளத்துக்கு மாத உச்சவரம்பு எதற்கு? வருங்கால வைப்பு நிதி அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் குழுத் தலைவருக்கும், அதில் தொழிலாளர், முதலாளிகள், மத்திய மாநில அரசுகள் சார்பில் இருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

திருப்பூரில் பின்னலாடை கம்பெனி ஒன்றில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. மாதச் சம்பளக்காரர், ஷிஃப்ட் கணக்கில் வாங்குபவர், பீஸ் ரேட்டில், அதாவது தைக்கும் உருப்படிக்கு இவ்வளவு என்று, தைப்பவர் என எல்லா வகையினரும் எங்களிடம் இருக்கிறார்கள். மாதம் முடிந்ததும் எல்லாருடைய கணக்கையும் திரட்டி, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் உங்கள் தளத்தில் இசிஆர் எனும் மாதச் சந்தாப் பட்டியலை ஏற்றி, சலான் எடுத்துப் பணம் கட்டுகிறோம். அந்தப் பட்டியலில் ஒரு கணக்கு ஆண்டுதோறும் என் கண்ணை உறுத்துகிறது. அதை உங்கள் முன் வைக்கவே இந்த மடல்.

நேராகக் கணக்குக்கே வருகிறேன். இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் செக்கிங் பகுதியில் மாதம் 15,000 ரூபாய் நிலையான சம்பளம் வாங்குகிறார். இன்னொருவர் பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லர். ஆர்டர் குவியும் ஆறு மாதங்களில் அவருக்கு மாதம் 21,000 வருகிறது. ஆர்டர் இல்லாத ஆறு மாதங்களில் 9,000தான். ஆண்டு முடிவில் இருவரும் வாங்கியது ஒரே தொகை, 1,80,000 ரூபாய்.

நிலையான சம்பளக்காரருக்கு 1,80,000க்கும் பி.எஃப். கணக்கிடப்படுகிறது. 12 சதவீதம் என்றால் அவர் பங்கு 21,600, கம்பெனியின் பங்கும் அதே 21,600. டெய்லருக்கு என்ன ஆகிறது? பி.எஃப். கணக்கில் கட்டாயமாக எடுக்க வேண்டிய சம்பளத்துக்கு உச்சவரம்பு மாதம் 15,000. எனவே 21,000 வாங்கிய மாதங்களிலும் 15,000 மட்டுமே கணக்கில் ஏறுகிறது, மேலே உள்ள 6,000 விடுபடுகிறது. 9,000 வாங்கிய மாதங்களில் 9,000 மட்டும். ஆக ஆண்டு முழுவதற்கும் 1,44,000தான் பி.எஃப். சம்பளம். அவர் பங்கு 17,280, கம்பெனி பங்கு 17,280. ஒரே ஆண்டுச் சம்பளம் வாங்கியவருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 8,640 ரூபாய் குறைந்துபோகிறது. டெய்லரும் தப்புச் செய்யவில்லை, கம்பெனியும் எதையும் மறைக்கவில்லை. விதி சொன்னபடியே கட்டினால் வருகிற பற்றாக்குறை இது.

நம் நாட்டில் சந்தா விகிதம் பொதுவாக 12 சதவீதம். பீடி, செங்கல், சணல், கயிறு போன்ற சில தொழில்களுக்கும் வேறு சில நிறுவனங்களுக்கும் 10 சதவீதம். சம்பளம் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் அசையாது. அதனால், சம்பளம் மாறும்போது சந்தாவை எப்படி நிர்ணயிப்பது என்ற கேள்வியே இங்கே எழாது என்று பலரும் நினைத்துவிடுகிறோம். விகிதத்தை எந்தத் தொகையின் மேல் போடுகிறோம், அந்தத் தொகையை எந்தக் கால அளவில் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் 29ஆம் பத்தி, அந்த மாதம் முழுவதும் உண்மையில் பெற்ற சம்பளத்தின் மேல் சந்தா கணக்கிட வேண்டும் என்கிறது. தினக்கூலியோ, வாரக்கூலியோ, மாதச் சம்பளமோ, எல்லாவற்றுக்கும் அதுவே. இது நல்ல விதி. அப்புறம் வரும் மாத உச்சவரம்புதான் ஏறி இறங்கும் சம்பளத்தின் உச்சியை மட்டும் வெட்டிவிடுகிறது. பள்ளத்தை அது நிரப்புவதில்லை.

முதலாளி விரும்பினால் உச்சவரம்புக்கு மேலும் கட்டலாம், சட்டம் தடுக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். அலுவலகப் பணியாளர்களுக்கு அப்படிக் கட்டும் நிறுவனங்கள் உண்டு. பீஸ் ரேட் தொழிலாளிக்கு அப்படிக் கட்டுவதை நான் பார்த்ததில்லை. கட்டாயம் இல்லாத இடத்தில் தொழிலாளி போய்க் கேட்டு வாங்குவான் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

இந்த 8,640 ரூபாய் ஒரே ஆண்டோடு முடிந்துபோகிற தொகை இல்லை. 25 வயதில் வேலைக்குச் சேர்ந்து 58 வரை உழைக்கும் ஒருவருக்கு 33 ஆண்டுகள். கம்பெனி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது, மீதி 3.67தான் பி.எஃப். கணக்கில் சேர்கிறது. எனவே விடுபட்ட 36,000 ரூபாய் சம்பளத்துக்கு பி.எஃப். கணக்கில் சேராமல் போவது ஆண்டுக்கு 5,641 ரூபாய். 2024-25க்கு அறிவிக்கப்பட்ட 8.25 சதவீத வட்டியே கடைசி வரை தொடர்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 33 ஆண்டு முடிவில் அது 8 லட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஒரு டெய்லரின் ஓய்வுக்காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஓய்வூதியத்தைப் பாருங்கள். 1995 நவம்பர் 16 முதல் நடப்பில் உள்ள ஓய்வூதியத் திட்டத்தில், ஓய்வூதியச் சம்பளத்தைப் பணிக் காலத்தால் பெருக்கி 70ஆல் வகுக்கிறோம். 20 ஆண்டுக்கு மேல் பணி செய்து 58இல் ஓய்வு பெறுபவருக்கு இரண்டு ஆண்டு கூடுதலாகச் சேர்க்கிறீர்கள். ஆக 33 ஆண்டுக்காரருக்கு 35 ஆண்டு, அதாவது ஓய்வூதியச் சம்பளத்தில் சரிபாதி. நிலையான 15,000 வாங்கியவருக்கு மாதம் 7,500 ரூபாய். நம் டெய்லரின் கடைசி 60 மாதங்களின் சராசரி, உச்சி வெட்டப்பட்ட பின் 12,000தான். அவருக்கு மாதம் 6,000. ஒரே ஆண்டுச் சம்பளம், ஒரே பணிக் காலம், ஆனால் சாகும் வரை ஒவ்வொரு மாதமும் 1,500 ரூபாய் குறைவு. குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று இருக்கும் நாட்டில் அந்த 1,500 எவ்வளவு பெரிது!

முன்பு கடைசி 12 மாதச் சராசரி பார்த்தோம். 2014 செப்டம்பர் 1 முதல் அதை 60 மாதமாக்கினீர்கள், உச்ச நீதிமன்றமும் 2022 நவம்பர் 4 தீர்ப்பில் அதை ஏற்றது. கடைசி வருடத்தில் மட்டும் சம்பளத்தை ஏற்றிக் காட்டுவதைத் தடுக்க நீண்ட காலச் சராசரி உதவும் என்பது எனக்கும் புரிகிறது. ஓய்வூதியம் கொடுக்கும்போது ஐந்து ஆண்டைச் சேர்த்துப் பார்க்கிறீர்கள். சந்தா வாங்கும்போது மட்டும் ஏன் ஒவ்வொரு மாதத்தையும் தனித்தனியே நறுக்கிப் பார்க்க வேண்டும்? கொடுக்கும் இடத்தில் சராசரி சரி என்றால் வாங்கும் இடத்திலும் அது சரியாகத்தானே இருக்க வேண்டும்?

அந்தச் சராசரி விதிக்குள்ளேயே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அறுபது மாதத்தில் சம்பளம் இல்லாத நாட்கள் இருந்தால், மொத்தச் சம்பளத்தைச் சம்பளம் வாங்கிய நாட்களால் வகுத்து 30ஆல் பெருக்க வேண்டும் என்று திட்டம் சொல்கிறது. விடுப்பில் இருந்தவரின் சராசரி அதனால் விழாது. பணிக் காலத்தில் அந்த நாட்கள் கழியும், அது வேறு. ஆனால் ஆர்டர் இல்லாத மாதத்தில் தினமும் வந்து, மெஷின் முன்னால் காத்திருந்து, கிடைத்த கொஞ்சம் பீஸைத் தைத்துவிட்டுப் போகும் டெய்லருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர் வந்தார், சம்பளமும் வாங்கினார், ஆகவே அது முழு மாதம். வராமல் இருந்தவரின் சராசரியைக் காக்கும் விதி, வந்து காத்திருந்தவரின் சராசரியைக் கீழே இழுக்கிறது. பீஸ் ரேட்டையும் சேர்த்துத்தான் அந்தப் பத்தி எழுதப்பட்டிருக்கிறது, வார்த்தையே அதில் இருக்கிறது. வேலை குறைந்த நாளை என்ன செய்வது என்று மட்டும் அதில் இல்லை.

வேலையில் சேரும் நாளில் நடப்பது இதைவிட மோசம். முதன்முதலாக வேலைக்கு வருபவரின் சம்பளம், உறுப்பினராகத் தகுதி பெறும் நேரத்தில் 15,000க்கு மேல் இருந்தால், அவரைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2014 செப்டம்பர் 1க்குப் பிறகு அப்படி வருபவருக்கு ஓய்வூதியத் திட்டத்திலும் இடமில்லை. மாதச் சம்பளக்காரருக்கு இது தெளிவான கோடு. பீஸ் ரேட்காரருக்கு? ஒரே ஊரிலிருந்து வரும் இரண்டு பெண்களில் ஒருத்தி ஆர்டர் குவிந்த மாதத்தில் சேர்ந்து 15,500க்குத் தைத்துவிட்டாள். மற்றவள் ஆர்டர் குறைந்த மாதத்தில் சேர்ந்து 8,000க்குத் தைத்தாள். முதலாமவள் ஓய்வூதியத்துக்கு வெளியே. இரண்டாமவள் உள்ளே வந்துவிட்டாள். பின்னால் அவள் சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் உறுப்பினராகவே இருப்பாள். ஆண்டு முழுவதும் இருவரும் ஒரே அளவு சம்பாதிக்கலாம். ஒரே ஒரு மாதத்தின் ஆர்டர் ஒரு பெண்ணின் முதுமையைத் தீர்மானிப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இதற்கு வழி தேடி எங்கேயும் போக வேண்டாம். அதே தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இருக்கும், தொழிலாளர்களுக்கான காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யைப் பாருங்கள். அங்கே உச்சவரம்பு 21,000. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தா காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. காலத்தின் தொடக்கத்தில் ஒருவர் உச்சவரம்புக்குள் இருந்தால், நடுவில் அவர் சம்பளம் 21,000ஐத் தாண்டினாலும் அந்த ஆறு மாதம் முடியும் வரை அவர் உறுப்பினர்தான். சந்தாவும் வாங்கிய முழுச் சம்பளத்துக்கும் கட்டப்படுகிறது, தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். ஒரு மாதம் ஓவர்டைம் கூடிவிட்டது என்பதற்காக யாரையும் வெளியே தள்ளுவதில்லை, மேல் தொகையை வெட்டுவதுமில்லை. நான் இரண்டு பட்டியலையும் ஒரே மேசையில், ஒரே நாளில் போடுகிறேன். அதே டெய்லருக்கு ஒரு பட்டியலில் ஒரு நியாயம், இன்னொன்றில் வேறொரு நியாயம்.

வெளிநாடுகளிலும் இந்தக் கேள்வியைக் கடந்துதான் வந்திருக்கிறார்கள். அமெரிக்க சமூகப் பாதுகாப்பு வரிக்கு உச்சவரம்பு ஆண்டுக் கணக்கில் வைக்கப்பட்டிருக்கிறது, 2025இல் அது 1,76,100 டாலர். எந்த மாதத்தில் எவ்வளவு வந்தது என்பது அங்கே பொருட்டே இல்லை. இங்கிலாந்து, வேல்ஸ் உள்ளாட்சி ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் விகிதமே சம்பளத்தோடு சேர்ந்து மாறும், 5.5 சதவீதத்தில் தொடங்கி 12.5 வரை. ஒவ்வொரு ஏப்ரலிலும் ஊழியரின் உண்மையான சம்பளத்தைப் பார்த்து அவர் எந்தப் படியில் வருவார் என்று அவருடைய நிர்வாகம் முடிவு செய்கிறது. நடுவில் சம்பளம் பெரிதாக மாறினால் படியையும் மாற்றலாம். நமக்கு அந்தப் படிகள் வேண்டாம். ஒரே விகிதம் என்பது நம் திட்டத்தின் பலம், தொழிலாளியே மனக்கணக்காகப் போட்டுப் பார்க்க முடிகிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். சம்பளம் மாதத்துக்கு மாதம் மாறும் தொழிலாளர்களுக்கு உச்சவரம்பை ஆண்டுக் கணக்கில் வையுங்கள். 15,000ஐ 12ஆல் பெருக்கினால் 1,80,000. ஏப்ரலிலிருந்து வாங்கிய சம்பளம் அந்தத் தொகையைத் தொடும் வரை முழுச் சம்பளத்துக்கும் சந்தா பிடிக்கட்டும். நடுவில் சேர்ந்தவருக்கும் விலகியவருக்கும் அந்தக் கம்பெனியில் வேலை செய்த மாதங்களுக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கணக்கிடலாம்.

மாதாமாதம் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்து, விடுபட்டதைக் குறைந்த சம்பள மாதங்களில் பிடிப்பதும் ஒரு வழியாகத் தோன்றும். அதை நான் ஆதரிக்கமாட்டேன். போட்டுப் பார்த்தேன். 9,000 வாங்கும் மாதத்தில் 15,000க்கு உண்டான 1,800 ரூபாயைப் பிடிக்க வேண்டி வருகிறது. வேலை இல்லாத மாதத்தில் அப்படிப் பிடித்தால் அந்தக் குடும்பம் வட்டிக்குத்தான் வாங்கும். கையில் பணம் இருக்கும் மாதத்தில் பிடிப்பதே சரி. 21,000 வாங்கும் மாதத்தில் 1,800க்குப் பதில் 2,520 பிடிப்போம். கூடுதல் 720 ரூபாய்தான், கம்பெனியும் அதே 720 போடும்.

தொழிலாளர்களில் சிலர் இதை விரும்பமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது பிடித்தம் கூடினால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. சீசனில் வரும் பணத்தை நம்பித்தான் பிள்ளைகளின் ஃபீஸ், நகையை மீட்பது, கடனை அடைப்பது எல்லாம். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் புதிதாக எதையும் சேர்க்கச் சொல்லவில்லை. பக்கத்து மேசையில் அதே ஆண்டுச் சம்பளம் வாங்குபவருக்கு என்ன பிடிக்கிறோமோ, அதையே இவருக்கும் பிடிக்கச் சொல்கிறேன். அவருக்குக் கிடைக்கும் கம்பெனி பங்கு இவருக்கும் முழுசாக வர வேண்டும்.

முதலாளிகள் தரப்பு உறுப்பினர்களிடம் ஒரு வார்த்தை. இது செலவைக் கூட்டும், மறுக்கவில்லை. நான் சொன்ன கணக்கில் ஒரு டெய்லருக்கு ஆண்டுக்கு 4,320 ரூபாய். ஆனால் இந்தச் செலவு நிலையான சம்பளக்காரருக்கு நீங்கள் ஏற்கனவே செய்வதுதான். பீஸ் ரேட் என்பதால் மட்டும் உழைப்பு மலிவாகும் என்றால், நிலையான வேலையைப் பீஸ் ரேட்டாக மாற்ற ஒரு தூண்டுதலைச் சட்டமே கொடுப்பதாகிவிடும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பீஸ் ரேட் சம்பளத்தில் ஒரு பகுதியை 'இன்சென்டிவ்' என்று பிரித்து எழுதி, அதற்கு பி.எஃப். கிடையாது என்று காட்டும் வழக்கம் தொழிலில் இருக்கிறது. எல்லாருக்கும் வழக்கமாகக் கொடுக்கப்படும் படிகளும் அடிப்படைச் சம்பளம்தான், கூடுதல் உழைப்புக்கென்று தனியாகத் தருவதுதான் விலக்கு என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 28 அன்று சொல்லிவிட்டது. பீஸுக்கு இவ்வளவு என்று பேசித் தரும் கூலி, கூடுதல் உழைப்புக்கான பரிசு இல்லை. முழுக் கூலியே அதுதான். இதை ஒரு சுற்றறிக்கையில் தெளிவாக எழுதினால், என்னைப் போல் பட்டியல் போடுபவர்களுக்கு முதலாளியிடம் எடுத்துச் சொல்ல ஒரு தாள் கையில் இருக்கும்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதே கேள்வியைத்தான் வேறு வாசல் வழியாகக் கொண்டுவருகிறது. கமிஷன், ஓவர்டைம், வீட்டு வாடகைப் படி போன்ற விலக்குகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளமாகவே கருதப்படும் என்கிறது அது. 12,000 அடிப்படையும் 30,000 கமிஷனும் வாங்கிய மாதத்தில் ஒரு விற்பனையாளரின் சம்பளம் 21,000 ஆகிறது. கமிஷன் 2,000க்கு விழுந்த மாதத்தில் 12,000தான். அந்தப் பாதிக் கணக்கை எந்தக் காலத்துக்குப் போடுவது? மாதத்துக்கா, ஆண்டுக்கா? பழைய திட்டங்களைப் புதிய சட்டத்துக்கு ஏற்ப மாற்றி எழுதும்போது இதற்கும் உச்சவரம்புக்கும் சேர்த்தே விடை எழுதிவிடலாம்.

1952இல் இந்தச் சட்டம் வந்தபோது முதலில் ஆறு தொழில்களுக்குத்தான் பொருந்தியது, அவற்றில் ஜவுளியும் ஒன்று. உச்சவரம்பு அப்போது 300 ரூபாய், விகிதம் 6.25 சதவீதம். பருவத் தொழில்களில் வேலை இல்லாத காலத்தில் தரப்படும் தக்கவைப்புப் படியையும் சந்தாவுக்குரிய தொகையில் சேர்த்திருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் ஒரே சீராக வேலை இருக்காது என்பது இதை எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

உச்சவரம்பை உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. 2014 செப்டம்பரில் 6,500 என்பதை 15,000 ஆக்கியதோடு நின்றுவிட்டது. உயர்த்தினால் நான் சொன்ன டெய்லருக்கு நல்லதுதான். ஆனால் மாதக் கணக்கு அப்படியே இருந்தால், புதிய வரம்புக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கும் அடுத்த வரிசைத் தொழிலாளிக்கு இதே வெட்டு விழும். உயர்த்தும் அன்றைக்கே கால அளவையும் மாற்றிவிடுங்கள். இதற்கு நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. 2014இல் வரம்பை மாற்றியதும் அரசு அறிவிக்கையால்தான்.

சேரும் நாள் தகுதிக்கும் அப்படியே. பீஸ் ரேட் தொழிலாளியின் முதல் மாதச் சம்பளத்தைப் பார்க்காதீர்கள். எல்லாரையும் முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள், முதல் ஆறு மாதச் சராசரி வரம்பைத் தாண்டினால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

தொழிலாளர் தரப்பு உறுப்பினர்களுக்கு என் தனி வேண்டுகோள் ஒன்று. இந்த இழப்பு நாடு முழுவதும் எவ்வளவு என்று கண்டுபிடிக்கப் புதிய படிவமோ கணக்கெடுப்போ தேவையில்லை. நாங்கள் ஏற்றும் இசிஆரில் மொத்தச் சம்பளம் ஒரு பத்தி, பி.எஃப். சம்பளம் ஒரு பத்தி, ஓய்வூதியச் சம்பளம் ஒரு பத்தி என்று தனித்தனியாக இருக்கின்றன. உறுப்பினருக்கு நீங்கள் தரும் கணக்கு எண்ணான யூஏஎன் ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு மாத மொத்தச் சம்பளத்தைக் கூட்டி, அது 1,80,000 வரை எவ்வளவு, உண்மையில் எவ்வளவுக்குச் சந்தா கட்டப்பட்டது என்று இரண்டையும் ஒப்பிட்டால் போதும். நிறுவனத்தின் கணினியிலேயே இருக்கும் தகவல் இது. இந்தக் கணக்கை எடுத்துத் தரச் சொல்லி அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். முதலில் கோவை, திருப்பூர் பக்கத்து நிறுவனங்களுக்கு மட்டும் எடுத்தாலும் போதும். கூடவே, தொழிலாளி பார்க்கும் பாஸ்புக்கிலும் அந்த மொத்தச் சம்பளத்தை ஒரு வரியாகக் காட்டச் சொல்லுங்கள். வாங்கியது எவ்வளவு, கணக்கில் ஏறியது எவ்வளவு என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து சம்பளப் பட்டியல் எழுதும் ஓர் ஊழியர்